கடைசி பஸ் போயிடுச்சு, இருந்துட்டுப் போ

செஞ்சி பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அந்த அம்மாவுக்கு, யார் எதற்காக வந்து இறங்குகிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். முதுகில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கினால் கோட்டைக்கு. மஞ்சள் புடவையும் எலுமிச்சம்பழ மாலையுமாக இறங்கினால் மேல்மலையனூருக்கு. இறங்கிய கையோடு பழக்கடைப் பக்கம் திரும்பி, சீப்பு என்ன விலை என்று பேரம் பேச ஆரம்பித்தால் சொந்தக்காரர் வீட்டுக்கு.

“எந்த ஊருக்குப்பா?” என்றார். சொன்னேன்.

“ரெண்டு மொழம் பத்தாதே. வீட்டுல எத்தினி பொம்பளைங்க?”

எண்ணிப் பார்த்தேன். பெரிய அத்தை, அவர் மருமகள், பேத்தி, பக்கத்து வீட்டில் அத்தையின் நாத்தனார். நாத்தனாருக்குப் பூ வாங்காமல் போனால் அந்தப் பேச்சு கார்த்திகை வரைக்கும் ஓடும். ஐந்து முழம் வாங்கினேன். வாழைப்பழம் ஒரு சீப்பு, காராசேவு அரைக் கிலோ, மாமாவுக்கு வெற்றிலை பாக்கு. கை நிறைந்தது. டவுன் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

இது 2025 ஆடி மூன்றாம் நாள், சனிக்கிழமை. சரியாக எட்டு நாளைக்கு முன்னால், ஜூலை 11 அன்று, பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு மராத்தியர்களின் இராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. டீக்கடையில் அன்றைக்கு அதுதான் பேச்சு. “இனிமே ஆளுங்க நெறய வருவாங்க” என்றார் ஒருவர். “வருவாங்க. அஞ்சு மணிக்குக் கேட்டு சாத்துனா போயிடுவாங்க” என்றார் இன்னொருவர். அவர் டீ குடித்து முடித்து டம்ளரை வைத்த விதத்தில் அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான கிராமத்துக்காரர்களுக்கு செஞ்சி ஒரு கோட்டை என்பது இரண்டாவது செய்திதான். முதலில் அது பஸ் மாறும் இடம். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், விழுப்புரத்திலிருந்து வரும் சாலையும் வந்து சேரும் ஊர். நெல்லை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போடவும் இங்கேதான் வரவேண்டும். ஊர்க்காரர்கள் அதைக் கமிட்டி என்பார்கள். அறுப்புக் காலத்தில் மூட்டையோடு வரிசையில் காத்துக் கிடக்கும்போதே சம்பந்தி வீட்டு நலன் விசாரித்து, பெண் பார்த்து, பழைய சண்டையை முடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் விடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் சொந்தபந்தம் என்றாலே பஸ்தான். நான் சொல்ல வந்ததும் பஸ்ஸைப் பற்றித்தான், குறிப்பாகக் கடைசி பஸ்ஸைப் பற்றி.

அத்தை ஊர் அனந்தபுரம் போகும் பக்கம், செஞ்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். களத்தில் கொட்டிய வேர்க்கடலை போலக் குன்றுக்குக் குன்று பாறை உருண்டைகள். அவற்றுக்கு இடையில் கழனி, கொல்லை, பனைமரம். வாசலில் கால் கழுவ சொம்பில் தண்ணீர் கொடுத்த அத்தை முதலில் கேட்டது இதைத்தான்:

“வாப்பா. நல்லாருக்கியா? எத்தினி மணிக்குக் கெளம்புற?”

எனக்குச் சுருக்கென்றது. வந்தவரிடம் எப்போது போகிறாய் என்று கேட்பது இந்த வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி. என் ஆயா இருந்த காலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகள் விவரம் தெரியாமல் யாரையாவது அப்படிக் கேட்டுவிட்டால், உள்ளே கூட்டிப்போய்த் தொடையில் கிள்ளுவாள். இப்போது அத்தையே கேட்கிறார். கோபத்தில் கேட்கவில்லை. எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று தெரியவேண்டும். கடைசியாக இந்த வீட்டுக்கு வந்த ஏழெட்டு விருந்தாளிகளில் ஒருவரும் ராத்தங்கவில்லை.

“நாளன்னிக்குத்தான் அத்தை.”

அவர் நம்பவில்லை. என் பையைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மருமகளைக் கூப்பிட்டு, பரணிலிருந்து கோரைப்பாயை இறக்கச் சொன்னார். பாயில் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி.

செருப்பை ஒளிப்பது

நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஊருக்கு நாளொன்றுக்கு இரண்டு தடவைதான் பஸ். காலையில் ஒன்று, இருட்டும் நேரத்தில் ஒன்று. சாயங்கால பஸ்ஸை விட்டால் காலைவரை வழியில்லை. இதை வைத்து ஊரில் ஒரு விளையாட்டே நடக்கும். விருந்தாளி கிளம்புகிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் அவர் செருப்பை ஒளித்துவைப்போம். பெரியவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே, தேடுகிற மாதிரி வேறு பக்கம் தேடுவார்கள். தாத்தா இன்னும் நயமானவர். அப்போதுதான் நினைவு வந்தவர்போல் ஏதாவது நிலத் தகராறை ஆரம்பித்துவிடுவார். பஸ் ஹாரன் ஊர் முனையில் கேட்டு அடங்கும். “கடைசி பஸ் போயிடுச்சு, இருந்துட்டுப் போ” என்று ஆயா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள். அதற்குள் கோழி ஒன்று கூடையிலிருந்து குறைந்திருக்கும்.

அந்தக் காலத்துப் பாசம் இப்போது எங்கே என்று பெருமூச்சு விடுவது சுலபம். நானும் விட்டிருக்கிறேன். யோசித்தால், அன்றைக்கு எல்லோரும் தங்கியதில் பாசத்துக்குப் பாதி பங்கு என்றால் பஸ் இல்லாததற்கு மீதிப் பாதி. வேறு வழியில்லாமல் தங்கினார்கள். தங்கியதால் பேச நேரம் கிடைத்தது. பேசியதில் சண்டையும் வந்தது, சம்பந்தமும் வந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு பைக். சென்னையிலிருந்து கார் எடுத்தால் காலைப் பலகாரம் திண்டிவனத்தில், மத்தியானச் சாப்பாடு அத்தை வீட்டில், இரவு தோசை மறுபடியும் சென்னையில். போய்வர முடிகிறது என்பதாலேயே யாரும் இருக்க முடியாமல் போனது.

கல்யாணமும் வீட்டை விட்டுப் போய்விட்டது. முன்பு பந்தல் போட்டால் மூன்று நாளாவது ஆள் தங்கும். ஊரில் நாலு வீட்டுத் திண்ணை நிறையும். இப்போது செஞ்சியில் மண்டபம். முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, தாம்பூலப் பையை வாங்கினால் முடிந்தது. நான்கைந்து வருடமாகப் பெரும்பாலான சொந்தங்களை நான் மண்டபத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கிணறு வற்றிவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

மூக்கில் தட்டு

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமா இரண்டு மூட்டையைக் கூடத்தின் நடுவில் அவிழ்த்துக் கொட்டினார். விதை மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். மணிலாக்கொட்டை வாயில் உருண்டு மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையில் வந்து நின்றிருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு மானாவாரி விதைப்பு. மழை ஒரு முறை கொல்லையை நனைத்திருந்தது. இன்னொரு மழை விழுந்தால் ஏர் ஓட்டவேண்டியதுதான்.

“மெஷின்ல குடுத்தா பத்து நிமிஷம்தானே மாமா?”

“சந்தைக்குப் போறதுன்னா மெஷினு. வெதைக்கு ஆவாது, மாப்ளே. பருப்பு ரெண்டாப் பொளந்துடும், தோலு உரியும். தோலு போனா மொளைக்காது.”

ஆகவே கையால்தான். நான் இரண்டு விரலால் நசுக்கப் பார்த்தேன். ஓடு உடைந்து பருப்பில் நகம் பட்டது. அத்தையின் பேத்திக்கு எட்டு வயது. என் கையிலிருந்து காயைப் பிடுங்கி, “மூக்கு இருக்கு பாரு, அதைத் தரையில தட்டு” என்றாள். காயின் ஒரு முனை கிளி மூக்குபோல் லேசாக வளைந்திருக்கிறது. அந்த முனையைத் தரையில் ஒரு தட்டு. டப்பென்று வாய் பிளக்கிறது. பெருவிரலை உள்ளே விட்டால் பருப்பு, தோலில் கீறலில்லாமல், ரோஜா நிறத்தில் விழுகிறது. சின்னதும் சுருங்கியதும் ஒரு பக்கம், விதைக்கானது ஒரு பக்கம். சுருங்கியது வாய்க்குப் போகலாம். விதையில் கைவைத்தால் அத்தை முறைப்பார்.

ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும்போது வருகிற பேச்சு வேறு எப்போதும் வராது. கையில் வேலை இருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. அத்தை மகன் பெங்களூரில் பார்த்த வேலை போன கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இடையில் இரண்டு கல்யாணத்தில் அவனைப் பார்த்துச் சிரித்துக் கைகுலுக்கியிருக்கிறேன். பதினொரு மணிக்கு மருமகள் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மூட்டை முடிந்திருந்தது. என் பெருவிரல் நகக்கண் இரண்டு நாள் வலித்தது.

மறுநாள் மாரியம்மனுக்குக் கூழ். முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவு, அரிசி நொய் போட்டு அண்டாவில் கொதித்தது. முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் மாங்காய்த் துண்டும் பக்கத்துணை. பதினோரு மணி வாக்கில் கார்கள் வர ஆரம்பித்தன. சென்னை, புதுச்சேரி, ஓசூர். கோயிலில் ஒரு கும்பிடு, குண்டானில் கூழ், செல்ஃபி. மூன்று மணிக்கெல்லாம் கார்களின் முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அத்தை ஒவ்வொரு கார் கண்ணாடியிலும் குனிந்து, “இருந்துட்டுப் போயேன்” என்றார். அவர்கள் சொன்ன காரணம் எல்லாம் நியாயமான காரணம்தான்: நாளைக்கு ஸ்கூல், டிராஃபிக், மாத்திரை எடுத்து வரவில்லை.

கோட்டையில் தங்கியவர்கள்

ஓசூர்க்காரர்களின் பிள்ளைகள் கோட்டை பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்ததால் அவர்கள் காரில் நானும் தொற்றிக்கொண்டேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. அவற்றைக் கோத்து ஓடும் மதில். ராஜகிரி 800 அடி உயரம். மேலே போகும் நேரம் கடந்துவிட்டதால் அடிவாரத்தோடு சரி. கல்யாண மகாலின் அடுக்கு மாடத்தையும், நெற்களஞ்சியத்தையும், யானைக்குளத்தையும் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். களஞ்சியத்துக்குள் நின்று கத்தினால் குரல் சுற்றிச் சுற்றி வருகிறது. அதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இந்த மலையில் முதலில் கோட்டை கட்டியவர் ஆடு மேய்க்கும் குலத்து அனந்தக் கோன் என்பார்கள். பிறகு நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி. பெரிய ராத்தங்கல் என்றால் அது சிவாஜியின் இளைய மகன் ராஜாராமுடையது. முகலாயப் படை துரத்த, மாறுவேடத்தில் தெற்கே வந்து 1689 கடைசியில் செஞ்சியை அடைந்தார். பின்னாலேயே முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை முகலாயர் கைக்குப் போக 1698 ஆயிற்று. அதுவரை மராத்திய அரசுக்கு இந்த ஊர்தான் தலைநகர். கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். தப்பவைத்தது யார் என்பதில்தான் சுவை. முகலாயர் பாசறையில் இருந்த கணோஜி சிர்க்கே என்று மராத்திய வரலாறுகள் சொல்கின்றன. சிவாஜியின் மருமகன், அதாவது ராஜாராமுக்கு அக்காள் புருஷன். அதற்கும் அவர் சும்மா உதவவில்லை, தாபோல் பகுதி உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமன் மச்சான் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது தேசிங்கு ராஜன் கதை. செஞ்சிக்காரர்களிடம் கேட்டால் மராத்தியரைவிட அவரைப் பற்றித்தான் பேசுவார்கள், யுனெஸ்கோ எந்தத் தலைப்பில் சேர்த்திருந்தாலும் சரி. இருபத்திரண்டு வயது. ஆண்டது பத்து மாதம்போல. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபர் 3 அன்று போரில் செத்தார். அவர் கூப்பிட்டதும் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்த நண்பன் முகமது கான், கூடவே செத்தான் என்று கதைப்பாடல் சொல்லும். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குன்றில், பாறையைக் குடைந்த கருவறையில் அரங்கநாதர் படுத்திருக்கிறார். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு அங்கே விடைபெறப் போனபோது, ‘இன்றைக்குப் போகாதே’ என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். முகம் ஒருபக்கம் திரும்பியிருப்பதற்கு ஊரில் இன்றும் சொல்லும் காரணம் இதுதான். பெருமாளுக்கே அன்று பேச்சு எடுபடவில்லை. காரின் கண்ணாடியில் குனிந்த அத்தையைப் பற்றி என்ன சொல்ல.

காவலர் விசில் ஊதினார். எல்லோரும் வெளியே வந்தோம். ஓசூர் கார் என்னை ஊர் முனையில் இறக்கிவிட்டுப் போயிற்று.

சொல்லாமல் வந்த வாரம்

ராத்தங்கலே ஒழிந்துபோயிற்று என்று எழுதினால் அது பொய். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. இதே மாவட்டத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சங்கராபரணி கரைபுரண்டது. அத்தை வீட்டுக்கு மூன்று நாள் போன் போகவில்லை. நான்காம் நாள் மெழுகுவத்தி, பிஸ்கட், நாலு போர்வையோடு போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னாலேயே ஏழு பேர் வந்திருந்தார்கள். யாரும் சொல்லிவிட்டு வரவில்லை. கழனியில் மணல் ஏறிக் கிடந்தது. மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் வரிசையாகப் படுத்துக்கொண்டோம். எத்தினி மணிக்குக் கெளம்புற என்று அந்த வாரம் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அன்று விரித்த பாய்தான், அந்த ஆடிச் சனிக்கிழமை பரணிலிருந்து தூசியோடு இறங்கியது.

விருந்துக்கு ராத்திரிதான் அழகு என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இதே செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் நயினார் குடும்பங்கள் இருக்கின்றன. என்னோடு படித்த ஒருவன் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். நாலரை மணிக்கெல்லாம் இலை போட்டுவிட்டார்கள். பொழுது சாய்ந்த பின் அவர்கள் சாப்பிடுவதில்லை. “வெளிச்சத்துலயே சாப்பிட்டுடுங்க தம்பி” என்று அவன் அம்மா அவசரப்படுத்தினார். வடை, பாயசத்தோடு முழு விருந்து. அதற்குப் பிறகு இருட்டுகிற வரை திண்ணையில் பேச்சு, வெறும் பேச்சு. அடுப்படியில் யாருக்கும் வேலை இல்லாததால் பெண்களும் வந்து உட்கார்ந்து பேசிய வீடு, எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். என் பை வந்ததைவிட இரண்டு மடங்கு. விதைக்கு ஆகாத மல்லாட்டை, போன வருடத்துப் புளி, முருங்கைக்காய், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். நான் கொண்டுபோன ஐந்து முழம் பூவுக்கும் அரைக் கிலோ காராசேவுக்கும் இது எந்தக் கணக்கிலும் சேராது.

பஸ் நிறுத்தத்துக்கு அத்தையும் வந்தார். வழியனுப்பத்தான் என்று நினைத்தேன். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு மஞ்சப்பை.

“நீங்க எங்க அத்தை?”

“வளத்திக்குத்தான். சின்னவ ஊட்டுக்கு. வர்ற வியாழக்கெழம ஆடி அமாவாசை இல்ல?”

சின்ன அத்தையின் வீடு மேல்மலையனூருக்குக் கிட்டே. அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட சனம் அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்து இறங்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் அன்றைக்குத் திண்ணை, மாடி, மாட்டுக் கொட்டகை வரை ஆள் படுத்திருக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை வருடத்துக்கு இரண்டு தடவை தங்கையைப் பார்த்தவர், இப்போது மாதம் தவறுவதில்லை என்றார். மாமாவிடம் காசு கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும். சில சமயம் சொல்வதுமில்லை.

கண்டக்டர் வந்தார். அத்தைக்குக் காசில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார். நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது மஞ்சப்பையின் வாய் லேசாகத் திறந்தது. உள்ளே வெற்றிலைப் பொட்டலம், முடிச்சுப் போட்ட துணியில் மல்லாட்டை, அதற்கு அடியில் மடித்துவைத்த இரண்டு மாற்றுப் புடவை.

“எப்ப அத்தை திரும்புவீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆயா கிள்ளுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பாள்.